உறைந்த மண்ணுக்கு உப்பு

கத்திரி வெயில் தொடங்குன மூணாம் நாள், காக்கா கூட வாயத் தொறந்துக்கிட்டு நெழலு தேடி அலைஞ்ச நேரத்துல, எங்க சம்பைத்துறை கல்லறைத் தோட்டம் உறைஞ்சு போச்சு. உறைஞ்சு போச்சுன்னா பாலு தயிரா உறையுற மாதிரி இல்ல. ஐஸ் பிளாண்டுல இருந்து லாரியில பாளம் பாளமா வருமே, அந்த மாதிரிக் கல்லா உறைஞ்சு போச்சு. முதல்ல பாத்தது கித்தேரி மைனி, எங்க வீட்டுக்காரரு ராயப்பனோட அக்கா. காலைப் பூசை முடிஞ்சு மாமனார் கல்லறையில முட்டுக்கால் போட்டு ஜெபம் சொல்லிட்டு எந்திரிச்சவளுக்குச் சேலை மண்ணோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுட்டு. பிச்சு இழுத்துக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்தா. "ஏ சலேத்து, கல்லறைத் தோட்டத்துல குளிருதுட்டி, கனத்த போர்வை ஏதும் கெடக்கா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். ஊரே போய்ப் பாத்துச்சு, மூச்சு விட்டா வாயில இருந்து புகை வந்துச்சு, பாத்துட்டு அவங்கவங்க கஞ்சி குடிக்க வீட்டுக்கு வந்துட்டோம்.

என்னடா இவ இப்படிச் சாதாரணமாச் சொல்லுதாளேன்னு நெனைக்காதீங்க. கடல்ல பொழைக்கிற ஊருக்கு அதிசயம்னா என்ன, அன்றாடம்னா என்ன? நேத்து இருந்த தெரு இன்னைக்கு இருக்காது, நேத்து போன ஆளு இன்னைக்கு வரமாட்டான், அதையெல்லாம் ஏத்துக்கிட்டுக் கருவாடு காயப் போட்டுக்கிட்டுத்தான இருக்கோம். மண்ணு உறைஞ்சதையா ஏத்துக்க மாட்டோம்?

எங்க கல்லறைத் தோட்டம் கடலுக்கு மேல, செக்கச் செவேல்னு நிக்கிற தேரி மண் மேட்டுல இருக்கு. இருந்துச்சு. வடக்க எங்கயோ கடலுக்குள்ள கல்லு கொட்டுனாங்களாம், அதுல இருந்து எங்க கரையக் கடலு தின்ன ஆரம்பிச்சுச்சு. எட்டு வருஷத்துல பதினோரு வரிசைக் கல்லறை போச்சு. மத்த ஊர்ல கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரியக் கல்லறை மேல ஏத்துவாங்க. எங்க ஊர்ல பாதிப்பேரு கடலப் பாத்து நின்னுக்கிட்டு ஏத்துவோம், காத்து வந்து அணைச்சுட்டுப் போவும், மறுபடி ஏத்துவோம். என் மக அமலோற்பவம், அமலு, அவ கெடந்தது கோயில் பக்கமா இருந்து எண்ணுனா அஞ்சாவது வரிசை. நீலக் கலரு டைல்ஸ் ஒட்டுன சின்னச் சிலுவை. அவளுக்கு முன்னால கடலு தின்னுறதுக்குப் பாக்கி இருந்தது ரெண்டே ரெண்டு வரிசை. நான் தெனமும் போய் எண்ணிட்டு வருவேன், எண்ணுனா கூடிரப் போவுதான்னு மைனி ஏசுவா, ஏசட்டும்னு எண்ணுவேன்.

அமலு ஏழு வயசுல காய்ச்சல்ல போனவ. அதுவும் ஒரு கத்திரி வெயில்தான். நாலு நாளு அடுப்பு மாதிரி காந்துனா. நான் நெத்தியில ஈரத்துணி போடப் போடக் காஞ்சுக்கிட்டே வந்துச்சு. "அம்மா, ஐஸு, அம்மா, ஐஸு"ன்னு கேட்டா. மீன்பிடித் தடைக்காலம், ஐஸ் பிளாண்டப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. வருஷம் பூரா ஐஸுக்குள்ளயே கைய விட்டுக் கெடக்கிற என்னால, என் பிள்ளை கேட்ட அன்னைக்கு ஒரு துண்டு குடுக்க முடியல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடையில வழியிலயே என் தோள்ல கெடந்து அடங்கிட்டா. அவ உடம்பு சுடச்சுடத்தான் மண்ணுக்குள்ள வச்சோம். அந்தச் சூடு நாலு வருஷமா என் கையில இருந்துச்சு.

அதனால மண்ணு உறைஞ்ச அன்னைக்கு ஊரெல்லாம் போர்வை தேடுனப்போ, நான் மட்டும் அஞ்சாவது வரிசையில போய்ப் படுத்துக்கிட்டேன். கன்னத்த மண்ணுல வச்சேன். சில்லுன்னு இருந்துச்சு. ஐயோ, எவ்வளவு சில்லுன்னு இருந்துச்சு தெரியுமா! "ஐஸு கெடச்சுட்டா மக்களே, கெடச்சுட்டா?"ன்னு அவகிட்டக் கேட்டுக் கேட்டு அழுதேன். நாலு வருஷம் கழிச்சு வந்தாலும் ஐஸு வந்துட்டு, அவளுக்குன்னுதான் வந்திருக்குன்னு நான் நம்புனேன், இன்னைக்கும் நம்புதேன், யாரு என்ன சொன்னாலும் சரி.

கடலு நின்னு போச்சு, அதத்தான் முதல்ல சொல்லிருக்கணும். அலை வந்து மேட்டுல மோதும், ஒரு பிடி மண்ணு விழாது, தலையில அடிச்சுக்கிட்டுத் திரும்பிப் போவும். ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாசம், ரெண்டு வரிசை ரெண்டு வரிசையாவே இருந்துச்சு. ஊரு குளிருக்குப் பழகிருச்சு. வேர்க்குரு போட்ட கைப்பிள்ளைகளக் கொண்டாந்து தாத்தன் பூட்டன் கல்லறையில படுக்கப் போட்டாங்க. ஞாயித்துக்கிழமை மறைக்கல்வி வகுப்ப அங்க மாத்துனாங்க, சின்னதுக எல்லாம் அப்பன்மாரோட முழுக்கைச் சட்டைய மாட்டிக்கிட்டு மூக்க உறிஞ்சிக்கிட்டு பத்துக் கட்டளை ஒப்பிச்சுதுக. ஆம்பளைங்க சீட்டாட்டத்த வலைக் கூடத்துல இருந்து தூக்கிக்கிட்டு அங்க போனாங்க, தோத்தவன் ஒரு ஆட்டம் வெறுங்காலோட நிக்கணும்னு சட்டம் போட்டாங்க. கட்டிக் குடுத்துப் போன பிள்ளைங்க புருஷனையும் கூட்டிக்கிட்டுக் குளிருக்குன்னே தாய் வீட்டுக்கு வந்துதுக. மீனு மிஞ்சிப் போனவங்க சாக்குல கட்டி, தன் வீட்டுச் செத்தவங்க காலடியில வச்சிட்டுப் போவாங்க, மறுநாளு கண்ணு மங்காம இருக்கும். அடுத்த வீட்டுச் செத்தவங்க காலடியில வச்சிட்டான்னு ரெண்டு சண்டை வந்துச்சு, ஊர்க் கமிட்டித் தலைவர் தொம்மை மாமா தீத்து வச்சாரு. கிராம அதிகாரி வந்தாரு, புயலுக்கும் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும்தான் நிவாரண ஃபாரத்துல கட்டம் இருக்கு, குளிருக்கு இல்லன்னுட்டு, ஒரு வெடிச்ச கையப் பாத்து வேப்பெண்ணெய் போடச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

பெறவு தரை வெடிக்க ஆரம்பிச்சுச்சு. பட்டு பட்டுன்னு சத்தம் வரும், பாத்தா ஒரு கோடு ஓடிருக்கும், அது இன்னொரு கோட்டோட சேந்து அஞ்சு மூலை ஆறு மூலைக் கட்டமா கல்லறைகளச் சுத்தி வேலி கட்டுன மாதிரி நிக்கும். அந்த வெடிப்புக்குள்ள ஐஸு பச்ச நெறத்துல பளபளன்னு இருக்கும். அந்தச் சமயத்துலதான் டீச்சர் வந்தாவ.

பேரு தங்கஷீலா, நாகர்கோவில் பக்கம், காலேஜ்ல மண்ணப் பத்திப் பாடம் எடுக்கிறவங்க. பத்து வருஷம் குளிர் நாட்டுக் கடற்கரையில கெடந்துட்டு வந்தவங்களாம். கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு மேட்டோட முகத்துல எறங்கி, பிரஷ்ஷ வச்சு மண்ண நீவி நீவிப் பாத்தாவ. எங்க செம்மண் மேட்டுல வெள்ளை வெள்ளையா, மேல அகலமா கீழ கூரா, மணலு செருகுன மாதிரி அடையாளம் உண்டு. மூணு வரிசை. நாங்க பேய்ப்பல்லுன்னு சொல்லிப் பிள்ளைகளப் பயங்காட்டுவோம். டீச்சர் அந்தப் பல்லத்தான் அளந்தாவ, ஒவ்வொரு பல்லா, நீளம் அகலம் எல்லாம்.

நானும் மைனியும் மேல நின்னு கயித்தப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம். "அதுல என்ன டீச்சர் இருக்கு?"ன்னு கேட்டேன்.

"இது ஐஸ் இருந்த இடம் அக்கா. தரை ரொம்பக் குளுந்தா சுருங்கி வெடிக்கும். வெடிப்புல தண்ணி எறங்கி உறையும். அடுத்த வருஷம் அதே இடம் மறுபடி வெடிக்கும், மறுபடி தண்ணி, மறுபடி ஐஸ். இப்படியே ஆப்பு மாதிரி கீழ்முகமா வளரும். குளிர் போனா ஐஸ் உருகிரும். அந்தப் பள்ளத்துல மேல கெடக்கிற மணலு விழுந்து ரொம்பிரும். ஐஸ் போயிரும், ஐஸோட உருவம் நிக்கும். அத வச்சுதான் அந்தக் காலத்துல எவ்வளவு குளிர் இருந்துச்சுன்னு சொல்லுவோம். இந்தப் பல்லுக்கு வருஷம் முழுக்க, சராசரி, உறையுற குளிருக்கும் ஆறு டிகிரி கீழ இருந்திருக்கணும்."

"ஆப்பு வைக்கிறதுக்குன்னே ஒரு படிப்பா!"ன்னா மைனி. டீச்சரும் கயித்துல தொங்கிக்கிட்டே சிரிச்சாவ. பெறவு சிரிப்ப நிறுத்திட்டாவ. "இந்தக் கரையில உறைபனி கெடந்ததுக்கு வழியே இல்ல அக்கா, எந்தக் காலத்துலயும். நான் படிச்ச படிப்புல இல்ல. ஆனா கண்ணு முன்னால இருக்கு. இருக்கிறத இல்லன்னு எழுத எனக்கு மனசு வராது."

அப்புறம் மேல ஏறி வந்து, தொம்மை மாமாவையும் எங்க வீட்டுக்காரரையும் கூப்புட்டு வச்சு, சொல்ல வேண்டியதச் சொன்னாவ. மூணு தடவை இங்க குளிர் வந்திருக்கு. மூணு தடவையும் போயிருக்கு. ஒவ்வொரு பல்லு வரிசைக்கும் மேல மண்ணு கசக்கிப் போட்ட துணி மாதிரி மடங்கிக் கெடக்கு, அந்தக் கசங்கலுக்கு மேல உடனே கடல் மணலும் சிப்பியும் கெடக்கு. அப்படின்னா என்ன? குளிர் போன கையோட கடலு உள்ள வந்திருக்கு. "இப்ப இந்த மேட்டப் பிடிச்சு நிறுத்திக்கிட்டிருக்கறது மண்ணு இல்ல, ஐஸ். மண்ணுக்குள்ள பாதிக்குப் பாதி ஐஸ்தான் இருக்கு. அது போனா மேடே கூழாப் போயிரும். எப்பப் போகும்னு எனக்குத் தெரியாது. இருக்கும்போதே கல்லறைகள எடுத்து வேற பக்கம் வச்சிருங்க."

தொம்மை மாமா சிமெண்டு ரோடு உடைக்கிற மெஷின் கொண்டாந்தாரு. அந்தத் தரையில கடப்பாரை எறங்காது, மெஷின் எறங்குச்சு. ஓரத்து வரிசையில இருந்தவங்கள ஒவ்வொருத்தரா எடுத்தாங்க. அஞ்சு பேர எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால வச்சாங்க. பெறவு எங்க வீட்டுக்காரரு மெஷின்காரனக் கூட்டிக்கிட்டு அமலுகிட்ட வந்தாரு.

நான் கல்லறை மேல படுத்துக்கிட்டேன்.

"எந்திரி சலேத்து"ன்னாரு.

"மாட்டேன்."

"ஏட்டி, டீச்சர் சொன்னது உன் காதுல விழல? கடலு கொண்டு போயிரும்ட்டி!"

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு பொட்டு நெழலு கெடையாது. அங்க கொண்டு போய் வெயில்ல வேக வைக்கப் போறீங்களா? இப்பத்தான் அவளுக்குக் காய்ச்சல் விட்டுருக்கு. இப்பத்தான் அவ நிம்மதியாத் தூங்குதா. தொட்டீங்கன்னா இங்கனயே மண்டைய உடைச்சுக்கிடுவேன்!"

அவரு என்னையப் பாத்தாரு, மெஷினப் பாத்தாரு, கடலப் பாத்தாரு. மெஷின்காரன் மூஞ்சத் திருப்பிக்கிட்டான். எங்க வீட்டுக்காரரு மல்லுக்கட்டுற ஆளு இல்ல, அன்னைக்கு அவரு மல்லுக்கட்டி, என் முடியப் பிடிச்சு இழுத்து, ரெண்டு அறை அறைஞ்சு தூக்கிப் போட்டிருக்கலாம். போடல. "சரி, உன் பிள்ளை"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் எந்திரிக்காததப் பாத்துட்டு மத்த பொம்பளைங்களும் அவங்கவங்க ஆளு மேல போய் உக்காந்துக்கிட்டாங்க. மெஷின் திரும்பிப் போச்சு.

டீச்சர் என்னையத் திட்டல. பக்கத்துல வந்து உக்காந்தாவ. பெறவு பையில இருந்து ஒரு தெர்மாமீட்டரும் நோட்டும் எடுத்துக் குடுத்தாவ. வெடிப்புக்குள்ள இதத் தொங்கவிட்டு, காலையிலயும் சாயங்காலமும் பாத்து எழுதணும், மேல பனை ஓலையும் மணலும் போட்டு வெயில் படாமப் பாத்துக்கிடணும். தான் போய் நல்ல கருவியும் ஆளும் கூட்டிக்கிட்டுப் பத்து நாள்ல வாரேன்னாவ. நான் அஞ்சாவதுதான் படிச்சவ, ஆனா எண்ணு நல்லா எழுதுவேன். மைனஸ் நாலு. மைனஸ் நாலு. மைனஸ் நாலு. ஆறு நாளு அதத்தான் எழுதுனேன், எழுதும்போதெல்லாம் அமலு நெத்தியத் தொட்டுப் பாக்குற மாதிரி இருக்கும்.

ஏழாம் நாள் காலையில மைனஸ் மூணு. சாயங்காலம் மைனஸ் ரெண்டு. மேட்டு முகத்துல ஈரம் கசிஞ்சு, செவப்பா ஒரு கோடு மணலுக்கு எறங்குச்சு. ஓலையப் போட்டோம், சாக்கப் போட்டோம், கட்டில் மெத்தையெல்லாம் கொண்டு போய்ப் போட்டோம். எட்டாம் நாள் காலையில மைனஸ் ஒண்ணு. நான் நோட்டப் பிடிச்சுக்கிட்டு நடுத்தெருவுல நின்னு கத்துனேன், "போவுது! போவுது! யாராவது ஏதாவது பண்ணுங்களேன்!"

ஏதாவது பண்ணுங்கன்னா எங்க ஊர்ல என்ன பண்ணுவாங்க? நாங்க கருவாட்டுக்காரங்க. பொறந்ததுல இருந்து எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பொருளு அழுகாம, கெடாம, கையவிட்டுப் போகாம இருக்கணும்னா அதக் கீறி உப்புப் போடணும். சாளையா இருந்தாலும் சரி, நெத்திலியா இருந்தாலும் சரி, மாங்காயா இருந்தாலும் சரி. எங்க வீட்டுல தலைப்பிள்ளை தொப்புள் கொடிக்கே உப்புப் போட்டு வைப்போம். அந்த வார்த்தைய முதல்ல சொன்னது நான்தான், மைனி இல்ல, தொம்மை மாமா இல்ல, யாரும் இல்ல, நான். "உப்பப் போடுவோம்"னேன்.

ஒருத்தர் கூட ஏன்னு கேக்கல. கேக்க மாட்டாங்க, எங்களுக்கு அது மூச்சு விடுற மாதிரி. பால் ஐஸ் விக்கிறவன் டின்னச் சுத்தி ஐஸுக்குள்ள உப்புத்தான போடுதான், அதனாலதான அது கல்லா நிக்குதுன்னு தொம்மை மாமா சொன்னாரு, எல்லாருக்கும் சரின்னு பட்டுச்சு. அவன் மணிக்கொரு தடவை கீழ இருக்கிற அடைப்பத் தொறந்து, உப்புப் பட்டு உருகுன ஐஸ் தண்ணிய வெளிய விடுவானே, அது யாருக்கும் ஞாபகம் வரல. வீட்டு வீட்டுக்குக் கருவாட்டுக்கு வாங்கி வச்சிருந்த கல்லுப்பு அவ்வளவும் வந்துச்சு. போதலன்னு உப்பளத்துக்கு லோடு ஆட்டோ போச்சு. பங்குச்சாமி முதல் கூடைய மந்திரிச்சுக் குடுத்தாவ. ஆம்பளை பொம்பளை, பல்லுப் போன கெழவன், சூலிப் பொம்பளை எல்லாரும் உப்புச் சுமந்தோம், மாதாவே மாதாவேன்னு சொல்லிக்கிட்டு, வரிசை வரிசையா, வெடிப்பு வெடிப்பா, மீனுக்கு வயித்துக்குள்ள திணிக்கிற மாதிரிக் கைய உள்ள விட்டு அமுக்கி அமுக்கித் திணிச்சோம். அமலு சுத்தி இருந்த வெடிப்புக்கு நான் யாரையும் விடல. நானே திணிச்சேன்.

சாயங்காலம் தெர்மாமீட்டர வெளிய எடுத்தேன். மைனஸ் பதினொண்ணு.

நான் போட்ட கூப்பாட்டுல கோயில் மணிய அடிச்சுட்டாங்க. பதினொண்ணு! தொட்டா விரலு ஒட்டிக்கிட்டு, அவ்வளவு குளிரு. மைனி என்னையக் கட்டிப் பிடிச்சா. எங்க வீட்டுக்காரரு, ஒரு வாரமா என்கிட்டப் பேசாம இருந்த மனுஷன், கிட்ட வந்து நோட்ட வாங்கிப் பாத்தாரு. "நீ சொன்னதுதான் சரி போல சலேத்து"ன்னாரு. நான் அன்னைக்குச் சோறு தின்னேன், நாலு வருஷத்துல வயிறு ரொம்பத் தின்னது அன்னைக்குத்தான். உப்புப் போட்டுக் குளிரு கூடுனா அது ஐஸு உருகி அழியுற குளிருன்னு எங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

மறுநாளு தரை வேர்த்துச்சு. கீழ இருந்து பொலபொலன்னு சத்தம் கேட்டுச்சு, சோறு பொங்கி மூடியத் தள்ளுற மாதிரி. உப்பு போதலன்னு இன்னும் போட்டோம். அதுக்கு அடுத்த நாளு மத்தியானம், கோயில்ல பன்னெண்டு மணித் திரிகால ஜெப மணி அடிச்சு முடியல, மேட்டோட கடலோர முதல் வரிசை எந்தச் சத்தமும் இல்லாம எறங்கிக் கடலுக்குள்ள போச்சு. போன இடத்துல செம்மண்ணு கூழா ஓடுச்சு. ரெண்டாவது வரிசை போச்சு. நான் ஓடுனேன், மைனி என் சேலையப் பிடிச்சுக்கிட்டா, சேலைய விட்டுட்டு ஓடுனேன், தொம்மை மாமா வந்து இடுப்போட பிடிச்சாரு. என் கண்ணு முன்னால நீலக் கலரு சிலுவை ஒரு ஆட்டம் ஆடுச்சு. பெறவு அவளச் சுத்தி நான் உப்புத் திணிச்ச அஞ்சு வெடிப்பும் கத்தி வச்சு அறுத்த மாதிரி பிரிஞ்சு, அவ கெடந்த பாளம், பெட்டியும் மண்ணும் ஐஸுமா முழுசா, மெதுவாச் சரிஞ்சு தண்ணியில விழுந்துச்சு.

முங்கல. மிதந்துச்சு.

ஐஸு மிதக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆயிரம் தடவை பாத்திருக்கேன். ஆனா என் பிள்ளை கட்டில் அகலத்துல ஒரு வெள்ளைப் பாளத்துக்குள்ள படுத்துக்கிட்டு, உச்சி வெயில்ல, அலைக்கு அலை ஏறி எறங்கி என்னைய விட்டுப் போறத நான் எப்படிப் பாக்குறது! வெயிலுக்குள்ள போவுதாளே, வெயிலுக்குள்ள போவுதாளேன்னு கத்துனேன். வேற வார்த்தை வாயில வரல. எங்க வீட்டுக்காரரு ஃபைபர் போட்டத் தள்ளிட்டு ஒத்தையாப் போனாரு. இஞ்சின் பிடிக்கல, துடுப்பு போட்டுப் போனாரு. நாங்க கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தோம். பாளம் கட்டில் அளவு இருந்தது, பெட்டி அளவு ஆச்சு, கூடை அளவு ஆச்சு. பெறவு எங்களுக்குத் தெரியல. போட்டு மட்டும் ஒரே இடத்துல ரொம்ப நேரம் சுத்திச் சுத்தி வந்துச்சு.

திரும்பி வந்தப்போ அவரு மேல சட்டை இல்ல. சட்டையச் சுருட்டி நெஞ்சோட பிடிச்சிருந்தாரு. "பெட்டி கழண்டு அடியில போயிட்டு சலேத்து. ஐஸு ஒரு துண்டு கெடச்சுச்சு. கையளவு இருந்துச்சு, சத்தியமா, கையளவு இருந்துச்சு"ன்னு சொல்லிக்கிட்டே பிரிச்சாரு. ஈரச் சட்டைதான் இருந்துச்சு. அத என் கையில குடுத்துட்டு மணல்ல உக்காந்துட்டாரு. நான் அத நெத்தியில வச்சுக்கிட்டேன். கொஞ்சம் குளிரு இன்னும் பாக்கி இருந்துச்சு, வீட்டுக்குப் போறதுக்குள்ள காஞ்சு போச்சு.

நீதான உப்புப் போடச் சொன்னன்னு அவரு ஒரு வார்த்தை கேக்கல, அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கு வரைக்கும் கேக்கல. கேட்டிருந்தா அழுது தீத்திருப்பேன். ஊரும் கேக்கல. அதுக்குப் பதிலா எல்லாரும் கடலத் திட்டுனாங்க, அது பழகுன திட்டு, சுலபமா வாயில வந்துச்சு. ஒரு மாசத்துல குளிரப் பத்திப் பேச்சே நின்னு போச்சு. போர்வைகள மடிச்சுப் பரண்ல போட்டாங்க. கல்லறைத் தோட்டம் இருந்த எடத்துல இப்ப வலை காயப் போடுதாங்க.

டீச்சர் சொன்னதுக்கு ரெண்டு நாளு பிந்தி வந்தாவ, கருவியோட, ஆளுகளோட. மேடு பாதிதான் மிச்சம் இருந்துச்சு. பாதி வெடிப்புல ஐஸு போன பள்ளம், மேல இருந்து வெள்ளை மணலு சரசரன்னு விழுந்து ரொம்பிக்கிட்டு இருந்துச்சு. நாலாவது பல்லு வரிசை. டீச்சர் அளந்தாவ. நான் நோட்ட நீட்டுனேன். மைனஸ் பதினொண்ணு எழுதுன இடத்துல அவங்க விரலு நின்னு போச்சு.

"உப்பு போட்டீங்களா அக்கா?"

"நான்தான் டீச்சர். என் யோசனைதான். எம் பிள்ளைக்கு என் கையாலயே போட்டேன்."

அவங்க என் கையப் பிடிச்சுக்கிட்டாவ. கல்லுப்பு கீறுன கை, இன்னும் ஆறாம இருந்துச்சு. நான் கேக்க நெனைச்சதக் கேட்டேன். "இன்னும் எத்தனையோ ஆயிரம் வருஷம் கழிச்சு உங்கள மாதிரி ஒருத்தங்க கயித்துல தொங்கிக்கிட்டு இந்தப் பல்லப் பாப்பாங்கல்லா. உப்பு இருக்கிறதப் பாத்து, இது தானாப் போகல, ஒருத்தி உப்புப் போட்டுக் கெடுத்துட்டான்னு தெரிஞ்சுக்கிடுவாங்களா?"

டீச்சர் பொய் சொல்லிருக்கலாம். அவங்க சொல்லுற ஆளு இல்ல. "தெரியாது அக்கா. கடலோர மண்ணுல உப்பு இருக்கத்தான செய்யும். குளிர் வந்துச்சு, போச்சு, கடல் வந்துச்சுன்னு எழுதுவாங்க. மத்த மூணு வரிசைக்கு நான் எழுதுன மாதிரி."

மத்த மூணு வரிசையப் பாத்தேன். அதுலயும் எவளாவது நின்னு உப்புத் திணிச்சிருப்பாளோ, எவளோட பிள்ளையாவது மிதந்து போயிருக்குமோ, யாருக்குத் தெரியும்?

"அப்ப நீங்க எழுதுங்க"ன்னேன். "சம்பைத்துறை ராயப்பன் பொஞ்சாதி சலேத்து உப்பு போட்டான்னு எழுதுங்க."

டீச்சர் பென்சில எடுத்து நோட்டுல எழுதுனாவ, என் பேரு, தேதி, எத்தனை மூட்டை, எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதுனாவ. அமலு பேரையும் எழுதச் சொன்னேன். எங்க எழுதணும்னு கேட்டாவ. உப்பு எழுதியிருந்த அதே வரியில எழுதச் சொன்னேன்.